கடன் வியாபாரமும் கணக்குப் பரீட்சையும்

கையிருப்பைக் கொண்டு மட்டும் வியாபாரஞ் செய்பவன் என்றும் இருந்த இடத்திலேயே இருப்பான், கடன் கொண்டு பெருக்குபவனே முன்னேறுவான் என்னும் கருத்து கற்ற இளைஞரிடையே இன்று வேரூன்றி வருகின்றது. இக்கருத்துக்குச் சான்றாக முன்வைக்கப்படுவது அனுபவமன்று, கணக்கு. கடந்த பத்தாண்டு விலைகளை எடுத்து, இன்ன விலையில் வாங்கி இன்ன விலையில் விற்றிருந்தால் இவ்வளவு இலாபம் கிடைத்திருக்கும் என்று கணித்துக் காட்டும் முறையைப் பின்னோக்குப் பரீட்சை எனலாம். கணினியும் கைத்தொலைபேசியும் இப்பரீட்சையை எவர்க்கும் எளிதாக்கிவிட்டன. கணக்கு என்றவுடன் தலைவணங்குதல் படித்தவரின் இயல்பு. ஆதலின், இக்கணக்கு எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லாது மறைக்கின்றது என்பதை ஆராய்தல் பல்கலைக்கழகத்தாரின் கடமையாகின்றது.

ஆய்ந்து நோக்குமிடத்து இப்பரீட்சைகளுட் பெரும்பாலானவை ஒரே குறையை உடையனவாய் இருத்தலைக் காணலாம். எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதைப் பற்றி அவை நுணுக்கமாகப் பேசும். எவ்வளவு வாங்குவது, அதற்குச் சொந்த முதல் எவ்வளவு நிற்க வேண்டும் என்ற இரண்டையும் பற்றி வாய் திறவா. முன்னையது வியாபாரத்தின் பருமன். பின்னையது மார்ஜின் எனப்படும் விளிம்புத் தொகை. இவ்விரண்டையும் முறையாக வரையறுக்காத பரீட்சை பரீட்சையன்று, அது விளம்பரம். இக்கூற்றை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படுவான்கரை அறிந்த பாடம்

விளிம்புத் தொகை என்பது கொழும்பிலும் நியூயோர்க்கிலும் பிறந்த புதுமை என எண்ணுதல் தவறு. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலே, வயல் செய்யும் எந்தக் குடும்பமும் அதனை வேறு பெயரில் அறியும். பெரும்போகத்துக்கு விதைநெல்லும் உரமும் உழவுக்கூலியும் வேண்டும். தாலிக்கொடியும் காப்பும் அடைவுக்குப் போகின்றன. அடைவு பிடிப்பவர் நகையின் முழுப் பெறுமதியையும் கொடுப்பதில்லை. ஒரு பங்கைக் கழித்தே கொடுக்கின்றார். அக்கழிவே விளிம்பு. தங்கத்தின் விலை இறங்கினாலும் தம்முடைய பணம் மூழ்காதிருத்தற்காக அவர் வைத்துக்கொள்ளும் காவல் அது.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் எல்லோருடைய நெல்லும் ஒருங்கே சந்தைக்கு வர, விலை சரிகின்றது. இரண்டு மாதம் பொறுத்தால் நல்ல விலை வரும் என்பது விவசாயிக்குத் தெரியாததன்று. ஆனால் கடன் பொறுப்பதில்லை. ஆகவே விலை மிகக் குறைந்த நாளிலேயே அவன் விற்கின்றான். அவனுடைய மதிப்பீடு பிழையன்று. காத்திருக்கும் வலு அவனிடம் இல்லை. ஆண்டின் சராசரி நெல் விலையை வைத்து அவனுடைய இலாபத்தைக் கணிக்கும் ஒருவர் எத்துணைப் பிழை விடுவாரோ, அத்துணைப் பிழையையே பின்னோக்குப் பரீட்சையாளரும் விடுகின்றனர். கடன்காரன் சராசரி விலையில் விற்பதில்லை. கட்டாயம் நேர்ந்த நாளின் விலையிலேயே விற்கின்றான்.

ஒரு கணக்கும் அதன் மறைவும்

இதனை எண்களால் விளக்குதல் பொருந்தும். ஒருவரிடம் 100,000 ரூபா உண்டு. மேலும் 100,000 ரூபாவை ஆண்டுக்கு 15 சதவீத வட்டிக்குக் கடனாகப் பெற்று 200,000 ரூபாவுக்குப் பங்குகளை வாங்குகின்றார். பங்குகளின் அன்றைய பெறுமதியில் 30 சதவீதமேனும் அவருடைய சொந்த முதலாக எப்போதும் நிற்க வேண்டும் என்பது கடன் கொடுத்தவரின் நிபந்தனை. ஆண்டு முடிவில் விலை 20 சதவீதம் உயர்ந்திருக்கின்றது. பரீட்சையாளர் ஆண்டின் தொடக்க விலையையும் முடிவு விலையையும் மட்டும் நோக்குகின்றார். 240,000 ரூபாவுக்கு விற்று, கடனும் வட்டியுமாக 115,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தால் மிஞ்சுவது 125,000. இலாபம் 25 சதவீதம். கடனின்றி வாங்கியிருந்தால் 20 சதவீதம் மட்டுமே. ஆகவே கடன் நன்று என்பது அவருடைய முடிவு.

ஆண்டின் நடுவில் விலை 30 சதவீதம் சரிந்து பின்னரே மேலேறியது என்று கொள்வோம். பங்குகளின் பெறுமதி 142,857 ரூபாவுக்கு, அதாவது 28.6 சதவீதம், இறங்கிய அக்கணத்திலேயே சொந்த முதல் 30 சதவீத எல்லையைத் தொட்டுவிடுகின்றது. மேலும் பணங் கட்டுமாறு அழைப்பு வரும். கட்ட இயலாதவரின் பங்குகள் விற்கப்படும். கடன் தீர்ந்தபின் எஞ்சுவது 42,857 ரூபா; வட்டியைக் கழித்தால் அதனினும் குறைவு. பின்னர் விலை ஏறியது உண்மை. அவ்வேற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. பரீட்சைத் தாளில் 25 சதவீத இலாபம். உண்மையில் முதலிற் பாதிக்கு மேல் நட்டம். விலை ஒன்றே, ஆண்டு ஒன்றே, வாங்கிய முறையும் ஒன்றே. நாள்தோறும் விளிம்பைச் சரிபார்த்தாரா என்ற ஒரு வினாவே இவ்விரண்டையும் பிரிக்கின்றது. நல்ல ஆண்டில் ஐந்து சதவீத மேலதிக இலாபத்துக்காக இவ்வளவு பெரிய அழிவுக்கு ஆளாவது அறிவுடைமையாகுமா?

இது கற்பனை எண் விளையாட்டன்று. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,400ஐத் தாண்டி நின்றது. அவ்வாண்டு ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, கடன் வழங்கும் வீதத்தை 14.5 சதவீதமாக்கியது. ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தை மூடப்பட்டது. 25ஆந் திகதி திறக்கப்பட்டபோது சரிவு மீண்டுந் தொடர, அன்றைய வியாபாரம் இடையிலேயே நிறுத்தப்பட்டது. சுட்டெண் 8,000க்குக் கீழே சென்றது. மூன்று மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 40 சதவீதத்துக்கும் அதிகமான வீழ்ச்சி. மேலே காட்டிய கடனாளி ஜனவரியில் வாங்கியிருந்தால், 40 சதவீத வீழ்ச்சியின் பின் அவருடைய 100,000 ரூபாவில் 20,000 மட்டுமே மிஞ்சியிருக்கும். பின்னர் 2024 இறுதியில் அச்சுட்டெண் 15,000ஐயும் கடந்தது. கடனின்றி வாங்கியவர் ரூபாக் கணக்கில் மீண்டார். கடன் கொண்டு வாங்கியவர் மீள்வதற்கு அங்கு இருக்கவில்லை. இருவரும் வாங்கியது ஒரே பங்கு என்பதை மறத்தலாகாது.

நிறுத்து விலை காக்குமா?

இவ்விடத்து எதிர்வாதஞ் செய்வோர், நட்டத்தை ஓரெல்லையில் நிறுத்தும் விலைக் கட்டளையை முன்னரே இட்டுவைத்தால் ஆபத்தில்லை என்பர். இவ்வாதம் கேட்பதற்கு இனியது. நூறு ரூபாவுக்கு வாங்கியதைத் தொண்ணூறில் விற்குமாறு கட்டளை இட்டால் பத்து ரூபாவுக்கு மேல் நட்டம் வாராது என்பது இதன் கருத்து. ஆனால் தொண்ணூறு ரூபாவில் வாங்குவதற்கு ஒருவர் இருந்தாலன்றோ அக்கட்டளை நிறைவேறும்? சந்தை மூடிக் கிடந்த நாட்களில் எக்கட்டளையும் செல்லாது. 2020ஆம் ஆண்டிலே, கொள்ளைநோயின் பொருட்டு, மார்ச் 20 முதல் மே 11 வரை கொழும்புச் சந்தை இயங்கவில்லை. அந்நாட்களில் விற்க இயலாது. வட்டி மட்டும் ஓய்வின்றி ஓடியது.

சுவிற்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டெம்பரில் ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே செல்ல விடுவதில்லை என அறிவித்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் அவ்வாறே காத்தது. அக்கால விலைகளில் எவ்வளவு பரீட்சித்தாலும் 1.20 என்னும் அரண் உறுதியானதாகவே தோன்றும். அதை நம்பி, இட்ட முதலைப் போல் ஐம்பது மடங்கும் நூறு மடங்கும் வியாபாரஞ் செய்தோர் பலர். 2015 ஜனவரி 15ஆந் திகதி அவ்வங்கி முன்னறிவித்தலின்றி அரணை நீக்கியது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே வீழ்ந்தது. நிறுத்து விலைக் கட்டளைகள் கேட்ட விலையிலன்றி, கிடைத்த விலையில் நிறைவேறின. இட்ட முதலை இழந்ததோடமையாது, அதற்கு மேலும் கடனாளியானோர் பலராயினர். தரகு நிறுவனங்களே முறிந்தன. ஆகவே நிறுத்து விலை ஒரு துணை, அரணன்று. உண்மையான காவல் வியாபாரத்தின் பருமனைத் தொடக்கத்திலேயே குறைத்து வைத்தலாகும்.

கடன் கொடுப்போர் விதிக்கும் விளிம்பு அறிஞர் வகுத்ததன்றோ, அதைக் கடைப்பிடித்தல் போதாதோ என்பது அடுத்த வாதம். அவ்விளிம்பு வகுக்கப்பட்டது யாருடைய பாதுகாப்புக்காக என்பதை வினவ வேண்டும். அது கடன் கொடுத்தவரைக் காப்பது. கடன் வாங்கியவரைக் காப்பதன்று. வாங்கியவரின் முதல் முழுவதும் அழிந்தாலும் தம் பணம் திரும்பினால் கொடுத்தவருக்குப் போதும். அன்றியும் அவ்விளிம்பு நிலையானதுமன்று. 1980 ஜனவரியில் வெள்ளியின் விலை அவுன்சுக்கு 50 டொலரை அண்மிய வேளையில் நியூயோர்க் பண்டச் சந்தை விதிகளை இறுக்கியது. மார்ச் 27ஆந் திகதி விலை 11 டொலருக்குக் கீழே இறங்க, கடன் கொண்டு வெள்ளியைக் குவித்த ஹன்ற் சகோதரர்கள் விளிம்பழைப்பை நிறைவேற்ற இயலாது வீழ்ந்தனர். மழை பெய்யும்போதே குடையைப் பறித்தல் கடன் கொடுப்போரின் வழக்கம். இன்றைய விளிம்பு வீதத்தையே பத்தாண்டுக்கும் மாறாததாக வைத்துச் செய்யும் பரீட்சை இவ்வழக்கத்தைக் காணாத பரீட்சையாகும்.

கடன் கொடுப்போரே விளிம்பைப் பிழையாகக் கணித்த வரலாறும் நம் நாட்டில் உண்டு. 2001 முதல் 2012 வரை பன்னிரண்டு ஆண்டுகள் தங்கத்தின் விலை ஆண்டுதோறும் ஏறியது. இலங்கை வங்கிகள் அடைவுக் கடனைப் பெருக்கின. பழைய விலைகளைப் பார்த்தோருக்கு அதில் ஒரு பிழையும் தோன்றியிராது. 2013 ஏப்ரலில் இரண்டே வியாபார நாட்களில் தங்கம் ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தது. அவ்வாண்டு முடிவில் வீழ்ச்சி கால் பங்கைக் கடந்தது. கடனும் வட்டியும் நகையின் பெறுமதியை மிஞ்சவே, மீட்க வராதோர் பெருகினர், வங்கிகள் நட்டப்பட்டன. 2014இல் அடைவுக் கடனுக்கு உத்தரவாதத் திட்டம் ஒன்றையே மத்திய வங்கி கொணர நேர்ந்தது. வங்கிகளே இவ்வாறு ஏமாந்தனவெனின், கைத்தொலைபேசியில் ஒரு மாலைப் பொழுதிற் பரீட்சித்து முடிப்பவரின் உறுதி எத்தகையது?

வெல்லும் ஆட்டத்தில் தோற்கும் வழி

பருமன் பற்றிய அலட்சியத்துக்கு அடிப்படையாய் இருப்பது ஒரு தவறான நம்பிக்கை. வாங்கும் முறை நல்லதாயின் எவ்வளவு பெரிதாக வாங்குகின்றோமோ அவ்வளவு பெரிதாக இலாபமும் வரும் என்பதே அது. இதனைக் கணிதம் மறுக்கின்றது. பத்துத் தடவை சுண்டினால் ஆறு தடவை தலை விழும் நாணயம் ஒன்று உண்டென்போம். தலையின் மேற் பந்தயங் கட்டுபவர் வென்றால் கட்டியதற்குச் சமமான தொகையைப் பெறுவார். ஒவ்வொரு தடவையும் தம்மிடமுள்ளதில் 20 சதவீதத்தைக் கட்டுபவரின் 100 ரூபா, ஆறு வெற்றியும் நான்கு தோல்வியும் கண்டபின், 122 ரூபாவாகின்றது. 40 சதவீதத்தைக் கட்டுபவரின் 100 ரூபா 98க்குக் குறைகின்றது. 60 சதவீதத்தைக் கட்டுபவரிடம் எஞ்சுவது 43 ரூபா. நாணயம் ஒன்றே, வெற்றிகளும் தோல்விகளும் சமமே. பருமன் மட்டுமே வேறு. முழுவதையும் கட்டுபவரோ முதல் தோல்வியிலேயே வெறுங்கையராவார். 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஜோன் கெலி இவ்வுண்மையைக் கணித வாய்பாடாக வெளியிட்டார்.

இத்தகைய நாணயத்தையும் 25 டொலரையும் 61 பேரிடம் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. அவர்கள் நிதித்துறையில் இளம் ஊழியரும் பொருளியலும் நிதியும் கற்கும் மாணவருமாவர். நாணயம் தமக்குச் சாதகமானது என்பது அவர்களுக்கு முன்னரே சொல்லப்பட்டது. இருந்தும் 28 சதவீதத்தினர் முழுவதையும் இழந்தனர். அச்சோதனையை நடத்திய இருவருள் ஒருவரான விக்டர் ஹகானி, 1998இல் வீழ்ந்த லோங் ரேர்ம் கப்பிற்றல் மனேஜ்மன்ற் என்னும் நிதியத்தின் பங்காளராய் இருந்தவர். நொபெல் பரிசு பெற்ற மேர்ற்றன், ஷோல்ஸ் ஆகிய இருவரும் அந்நிதியத்தில் இருந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் அதன் சொந்த முதல் 4.7 பில்லியன் டொலர். கடனோ 120 பில்லியனுக்கு மேல். கணக்கில் அவர்களை விஞ்சியோர் உலகில் இருக்கவில்லை. பருமனே அவர்களை வீழ்த்தியது.

எளியவனுக்கு எது அறம்?

இனி, எதிர்வாதங்களுள் மிக வலியதை நோக்குவோம். எச்சரிக்கை செல்வந்தருக்கே உரிய சொகுசு. நிலமும் பணமும் இல்லாத வீட்டுப் பிள்ளை கடனின்றி எவ்வாறு எழுவான் என்று கேட்கின்றனர். வாவிக்கரையின் வறுமையை அறிந்தோர் இவ்வினாவை எள்ளிவிட இயலாது. ஆயினும், விளிம்பழைப்பு வரும் நாளில் என்ன நிகழ்கின்றது என்பதைச் சிந்திக்க வேண்டும். செல்வந்தர் வேறொரு கணக்கிலிருந்து பணத்தைக் கொணர்ந்து இட்டு, விலை மீளும்வரை காத்திருக்கின்றார். எளியவனுக்கு வேறு கணக்கு இல்லை. தங்கையின் நகையே உண்டு. ஆகவே கடன் வியாபாரம் இருவரையும் சமப்படுத்துவதன்று. அது எளியவனுடைய முதலை, காத்திருக்க வல்லவனுடைய கைக்கு மாற்றும் கருவியாகவே பெரும்பாலும் அமைகின்றது. கட்டாயத்தின் பேரில் ஒருவன் விற்கும் பங்கை மலிவில் வாங்க மற்றொருவன் இருக்கின்றான் அன்றோ? எளியவனின் நலன் நாடுவோர் அவனுக்குச் சொல்ல வேண்டியது பருமனைக் குறை என்பதேயன்றிக் கடனைப் பெருக்கு என்பதன்று.

மெய்யான பரீட்சையின் இலக்கணம்

மறுப்பதோடு நிற்றல் ஆய்வாளர்க்கு அழகன்று. நேர்மையான பரீட்சை எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதையுங் கூறுதல் தகும்.

முதலாவது, பருமனை நிர்ணயிப்பது தாங்கக்கூடிய நட்டமாக இருக்க வேண்டும்; கிடைக்கக்கூடிய கடனாக இருத்தலாகாது. 100,000 ரூபா உடையவர் ஒரு வியாபாரத்தில் 2,000 ரூபாவுக்கு மேல் இழக்க விரும்பவில்லை. 50 ரூபாப் பங்கு 45க்கு இறங்கினால் விற்பதாகத் தீர்மானிக்கின்றார். பங்கொன்றுக்கு நட்டம் 5 ரூபா. ஆகவே அவர் வாங்கத்தக்கது 400 பங்குகள்; பெறுமதி 20,000 ரூபா. அவருக்குக் கிடைக்கும் கடனோ 4,000 பங்குகளை வாங்க இடமளிக்கின்றது. சந்தை மூடித் திறந்து விலை நேரே 35க்கு வீழ்ந்தால் 400 பங்கு வாங்கியவர் 6,000 ரூபாவை இழப்பார். 4,000 பங்கு வாங்கியவர் 60,000 ரூபாவை இழப்பார். முன்னவர் மறுநாளும் வியாபாரி, பின்னவர் கடனாளி.

இரண்டாவது, விளிம்பு ஒவ்வொரு நாளும், அந்நாளின் மிகத் தாழ்ந்த விலையில் சோதிக்கப்பட வேண்டும். எல்லையைத் தொட்ட நாளிலேயே வியாபாரம் முடிந்ததாகக் கொள்ளல் வேண்டும். மூன்றாவது, அவ்வக்காலத்து வட்டியும் தரகுக் கூலியும் கழிக்கப்பட வேண்டும். விளிம்பு வீதம் திடீரென உயர்ந்தால் என்னாகும் என்பதும் பார்க்கப்பட வேண்டும். நான்காவது, சந்தை மூடப்பட்ட நாட்களின் பின் விற்பனை நிகழ்ந்ததாகக் காட்டும் விலை, திறந்த பின் உண்மையாகக் கிடைத்த விலையாயிருத்தல் வேண்டும். ஐந்தாவது, விளைவைக் கண்டபின் அதற்கேற்பப் பருமனைத் தெரிவு செய்தல் கூடாது. விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சைக்குப் புள்ளியில்லை. ஆறாவது, பழைய ஏட்டிலுள்ள மிகப் பெரிய வீழ்ச்சியே இனி வரக்கூடிய வீழ்ச்சியின் எல்லை என எண்ணாது, அதன் இரு மடங்கையும் தாங்குமா எனப் பார்த்தல் வேண்டும்.

இறுதியாகக் கூறிய விதியின் பொருளை மட்டக்களப்பார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி இம்மண்ணைச் சிதைத்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையை விழுங்கியது. 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வயல்களை மூடியது. 1979 முதல் 2003 வரையான ஏடுகளை மட்டும் புரட்டி, கரையோரத்தில் எங்கே வீடு கட்டலாம் எனத் தீர்மானித்த ஒருவரின் கணக்கில் கூட்டற் பிழையோ கழித்தற் பிழையோ இருந்திராது. கடல் அவருடைய ஏட்டில் இல்லை, அவ்வளவே.

முகத்துவாரத்து மணற்றிட்டு எப்போது வெட்டப்படும் என்பதை நம்பி வாவியோரத் தாழ்நிலத்தில் விதைப்பவன், தன் விதைநெல் முழுவதையும் அங்கே கொட்டுவதில்லை. மேட்டு வயலுக்கும் கொஞ்சம் வைத்திருப்பான். படியாத உழவனுக்குத் தெரிந்த இவ்வளவு அறிவு, படித்தவரின் பரீட்சையில் இடம்பெறாதிருத்தல் கல்விக்கே இழுக்கு. ஆகவே கடன் வியாபாரத்தின் இலாபக் கணக்கை எவர் விரித்துக் காட்டினும், கற்றோர் முதலிற் கேட்க வேண்டியவை இரண்டு வினாக்கள்: வாங்கியது எவ்வளவு? மிக மோசமான நாளில் கையில் நின்றது எவ்வளவு? இவற்றுக்கு விடை இல்லாத கணக்கை, எத்துணை அழகிய கோட்டுப்படத்துடன் வரினும், ஒதுக்கிவிடுதலே முறை.